விதி அல்ல, கதி

“வேகக் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் வீதியோரத்திலிருந்த மரத்துடன் மோதியதில் அதில் பயணித்த ஒருவர் ஸ்தலத்திலேயே பலியானார்.”

இந்த வசனத்தை என் கையால் எத்தனை நூறு தடவைகள் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. எழுதியது போதாதென்று, பிற்காலத்தில் செய்தி ஆசிரியரின் நாற்காலியில் அமர்ந்துகொண்டு, பிரதேச நிருபர்கள் வேறு விதமாக எழுதி அனுப்பியவற்றையும் வெட்டித் திருத்தி இதே அச்சில் வார்த்திருக்கிறேன். இலக்கண வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டுப் பாருங்கள். இந்த வசனத்தில் கட்டுப்பாட்டை இழந்தது எது? வாகனம். மோதியது எது? அதுவும் வாகனமே. மனிதர் வசனத்தின் கடைசியில்தான் வருகிறார்; அதுவும் பலியாவதற்காக மட்டும். மறுநாள் அஞ்சலிக் குறிப்பு வரும். அதில் ‘விதி’ என்ற சொல் வரும். மரத்துடன் வாகனம் மோதிய கணத்துக்கும் மனிதர் இறந்த கணத்துக்கும் இடையில் என்ன நடந்தது என்பதை எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. நானும் எழுதவில்லை. அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் இதைத் தொடங்குகிறேன்.

ஈயத்தில் எழுத்துக் கோத்த காலம் முடியும் தறுவாயில், நான் பணியாற்றிய பத்திரிகை ஒன்றில் இளம் அச்சுக்கோப்பாளர் ஒருவர் இருந்தார். என் கையெழுத்தைப் பிழையின்றி வாசிக்கக்கூடியவர் அலுவலகத்திலேயே அவர் ஒருவர்தான். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தவணைப் பணத்துக்கு வாங்கியிருந்தார். ஓர் இரவு கடைசிப் பக்கம் முடிந்ததும் புறப்பட்டவர், அலுவலகத்திலிருந்து அரை மைல் தூரத்தில் நாய் ஒன்று குறுக்கே ஓடியதால் சரிந்து விழுந்தார். வேறு வாகனம் எதுவும் மோதவில்லை. கையிலோ காலிலோ பெரிய காயமும் இல்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தலைக்கவசம் இருந்தது, முழங்கையில் மாட்டியிருந்தார். அதில் ஒரு கீறல்கூட விழவில்லை. அவருடைய தமையன் வந்து அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். “மெதுவாகத்தானே போனவன்?” என்று அன்று எல்லோரும் கேட்டார்கள். விடை தெரியாத நான் இரண்டு பத்தி அஞ்சலி எழுதினேன். விதி கொடியது என்று அதில் இருந்தது.

விடை எங்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்திலேயே இருந்தது என்பதுதான் வெட்கம்.

நல்லூரிலோ வேறெந்தக் கோயில் வாசலிலோ சிதறுதேங்காய் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கருங்கல்லில் அடித்தால் தேங்காய் நூறு துண்டாகிறது. அதே தேங்காயை, அதே கையால், அதே பலத்தோடு கடற்கரை மணலில் அடித்தால் புதைந்து கிடக்கும், உடையாது. தேங்காயின் திணிவு மாறவில்லை. வந்த வேகமும் மாறவில்லை. இரண்டையும் பெருக்கினால் வருவது உந்தம். அந்த உந்தம் இரு இடத்திலும் பூச்சியமாகத்தான் வேண்டும். மாறியது ஒன்றே ஒன்று: நிற்பதற்கு எடுத்த நேரம். மணல் தேங்காய்க்கு நேரம் கொடுத்தது, கல் கொடுக்கவில்லை. உந்தம் எவ்வளவு மாறியதோ அதை நேரத்தால் வகுத்தால் விசை. நேரம் பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் விசை பத்து மடங்காகும். 1687இல் நியூற்றன் தமது நூலில் இரண்டாம் விதியை எழுதியபோது, விசையால் இயக்கத்தில் உண்டாகும் மாற்றம் என்றுதான் எழுதினார். திணிவையும் ஆர்முடுகலையும் பெருக்கும் சூத்திரமாக நாம் மனனம் செய்தது பின்னால் வந்த வடிவம்.

இங்கு ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. விசை செயற்படும் நேரத்தால் விசையைப் பெருக்கி வரும் அளவுக்கு நம் கலைச்சொல்லாக்கத்தார் இட்ட பெயர் கணத்தாக்கு. கணமும் தாக்கும் சேர்ந்த சொல். இதைவிடத் தெளிவாக எவரும் சொல்லியிருக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. இலங்கைப் பாடநூல்களில், திசையைக் கருதாத வெறும் விரைவுக்குக் ‘கதி’ என்று பெயர். (தமிழகத்து வாசகர்கள் திணிவை நிறை என்றும், ஆர்முடுகலை முடுக்கம் என்றும், கதியை வேகம் என்றும் கொள்க.) எங்கள் வீட்டுப் பேச்சிலோ கதி என்றால் தலையெழுத்து. ஒரே சொல்லுக்கு வகுப்பறையில் ஒரு பொருளும் செத்த வீட்டில் வேறொரு பொருளும் இருந்ததால்தானோ என்னவோ, கணக்குப் போட வேண்டிய இடத்தில் ஒப்பாரி வைத்தே பழகிவிட்டோம்.

கணக்கைப் போடுவோம். மோட்டார் சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஆறடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சும்மா விழுந்தாலே, வண்டி ஓடிக்கொண்டிருக்கத் தேவையில்லை, தலை தார் வீதியைத் தொடும்போது செக்கனுக்கு 6 மீற்றர் வேகம் வந்துவிடும். தலையின் திணிவு 5 கிலோகிராம் என்று கொள்வோம். வெறுந்தலை தாரில் மோதினால் நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் மூன்று மில்லிமீற்றர் அளவுதான். நேரம் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விசை 30,000 நியூற்றன், அதாவது மூன்று தொன் பாரம். தலைக்கவசத்தின் உள்ளே இருப்பது நாம் பொருட்களைப் பொதி செய்யும் ரெஜிபோம் இனத்தைச் சேர்ந்த நுரைப்பொருள். அது 25 மில்லிமீற்றர் நசுங்கினால் நேரம் எட்டு மடங்காகும். மூன்று தொன், நானூறு கிலோவுக்குக் கீழே இறங்கிவிடும். தோராயமான கணக்குத்தான். ஆனால் ஒன்று மண்டையோட்டை உடைக்கும் விசை, மற்றது தலையிடியோடு வீடு போகக்கூடிய விசை. மெதுவாகப் போனவர் ஏன் இறந்தார் என்பதற்கான விடை இவ்வளவுதான். ஆயிரத்தில் ஏழு பங்கு செக்கன் அவருக்குத் தேவைப்பட்டது. அது அவருடைய முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அன்று. ‘அரேபியாவின் லோரன்ஸ்’ என்று பேர்பெற்ற ரி. ஈ. லோரன்ஸ் 1935 மே மாதம் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளிலிருந்து வீசப்பட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களுள் ஒருவரான நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கெயார்ன்ஸ் அந்த மரணத்தை விதியின் கணக்கில் எழுதிவிட்டுப் போகவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்துகளில் இறந்தவர்களையும் தப்பியவர்களையும் ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். பிற்காலத்தில் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தலைக்கவசம் இறப்பின் அபாயத்தை 42 வீதமும் தலைக்காயத்தின் அபாயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்று கண்டார்கள். நம்மவர்களோ பொலிஸார் நிற்கும் சந்திக்கு நூறு யார் முன்பாக அணிந்து, நூறு யார் பின்பாகக் கழற்றுகிறார்கள். கழுத்துப் பட்டியைப் பூட்டாமல் தொப்பிபோல் வைத்துக்கொள்வோரையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கலாம். விழும்போது முதலில் பறந்துபோவது அதுதான்.

இனி வேகத்துக்கு வருகிறேன். வேகந்தான் கொல்கிறது என்றால், 1954 டிசம்பர் 10ஆம் திகதி அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் ஜோன் போல் ஸ்ராப் இறந்திருக்க வேண்டும். விமானப்படை மருத்துவரான அவர், தண்டவாளத்தில் ஓடும் ரொக்கெற் வண்டியில் தம்மையே கட்டிக்கொண்டு மணிக்கு 1,017 கிலோமீற்றர் வேகத்தை அடைந்து, 1.4 செக்கனில் நின்றார். உச்சக் கட்டத்தில் புவியீர்ப்பைப் போல் 46 மடங்கு அமர்முடுகல். கண்களில் இரத்தம் கட்டிப் பார்வை மங்கியது, பிறகு மீண்டது. 1999இல் தமது 89ஆவது வயதில்தான் காலமானார். மணிக்கு 40 கிலோமீற்றரில் செல்லும் முச்சக்கர வண்டியில் இருக்கும் ஒருவர், முன்னாலிருக்கும் இரும்புக் குழாயில் மோதி நூற்றில் ஒரு செக்கனில் நின்றால், அவருக்கு விழும் சராசரியே 110 மடங்குக்கு மேல். ஸ்ராப்பின் உச்சத்தைவிட இருமடங்கு! அவரைக் காப்பாற்றியவை 1.4 செக்கனும் உடலெங்கும் இறுக்கிய பட்டிகளும். வண்டி நிற்கும்போது உடலும் அதனோடு சேர்ந்து நின்றது. பட்டி இல்லாத உடல் அவ்வாறு நிற்காது. வண்டி நின்ற பிறகும் அது பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும், கண்ணாடியோ, இரும்போ, முன்னாசனக்காரரின் பிடரியோ தடுக்கும் வரைக்கும். சடத்துவம் என்று படித்தோமே, அது இதுதான்.

புலம்பெயர்ந்த வாசகர்களே, இது உங்களுக்கானது. நீங்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் வாகனத்தில் ஏறியதும் கை தானாகவே ஆசனப் பட்டியைத் தேடுகிறது. பிள்ளையைச் சிறுவர் ஆசனத்தில் பூட்டாமல் தெருமுனைக் கடைக்குக்கூட நீங்கள் போவதில்லை. கட்டுநாயக்காவில் இறங்கியதும் உங்களுக்கு என்ன நேர்கிறது? பத்துப் பேர் ஏறிய வானில், பத்து மணித்தியாலம் பறந்து வந்த களைப்போடு, இரவிரவாகப் புத்தளம், அநுராதபுரம் கடந்து வவுனியாவுக்கும் அப்பால் ஏ-9 வீதியில் விரைகிறீர்கள். போருக்குப் பின் அது காப்பெற் வீதி. சாரதிக்கு ஆசை வரும். பிள்ளை மடியில் தூங்குகிறது. ஒருவரும் பட்டி போட்டிருக்கமாட்டீர்கள். அங்கே தண்டப்பணத்துக்குப் பயந்தீர்கள். இங்கே அந்தப் பயம் இல்லை. நியூற்றன் எந்த நாட்டுக் கடவுச்சீட்டையும் வாங்கிப் பார்ப்பதில்லை.

“நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்” என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். அன்பில் குறையில்லை, கணக்கில்தான் குறை. 10 கிலோ எடையுள்ள குழந்தை, மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம், வாகனம் பத்தில் ஒரு செக்கனில் நிற்கிறது. குழந்தையைத் தடுத்து வைத்திருக்க வேண்டிய விசை 1,390 நியூற்றன், அதாவது 140 கிலோ பாரம். எந்தத் தாயின் கைக்கு அந்தப் பலம் உண்டு? தாயும் பட்டி போடாதிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவருடைய 60 கிலோ உடல் குழந்தையைப் பின்னாலிருந்து முன்னாசனத்தோடு நசுக்கும். இதை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் பிறகு அஞ்சலிக் குறிப்பு எழுத நேரும்.

50 என்பது நமக்கு வேகமாகவே தெரிவதில்லை. வேறு விதமாகச் சொல்கிறேன். 50 கிலோமீற்றரில் சுவரில் மோதுவது 10 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்திலிருந்து விழுவதற்குச் சமன். 70 என்றால் 19 மீற்றர். நன்கு வளர்ந்த பனை. 100 என்றால் பனைக்கு மேல் பனை. எங்கள் ஊர்ச் சீவல் தொழிலாளி தளைநாரின்றிப் பனையில் ஏறியதை நீங்கள் கண்டதுண்டா? அவர் எந்தப் பொலிஸாருக்காகவும் அதைக் காலில் மாட்டுவதில்லை. 50க்கும் 60க்கும் “பத்துத்தானே” வித்தியாசம் என்பார்கள். உயரத்தில் பார்த்தால் அது 10 மீற்றருக்கும் 14 மீற்றருக்கும் உள்ள வித்தியாசம். சராசரி வேகம் ஒரு வீதம் கூடினால் உயிராபத்தான விபத்தின் அபாயம் நான்கு வீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

இன்னொரு வாதமும் அடிக்கடி காதில் விழும். “அந்தக் காலத்து ஒஸ்ரின், மொரிஸ் எல்லாம் இரும்பு. இந்தக் காலத்துக் கார் தகரம், தொட்டாலே நசுங்குகிறது.” பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடி யாழ்ப்பாணத்தைக் காப்பாற்றிய அந்தக் கார்களின் மீது எனக்கும் பாசம் உண்டு. ஆனால் நசுங்காத காரில் நசுங்குவது யார்? வாகனத்தின் முன்பகுதி வேண்டுமென்றே நசுங்க வேண்டும், பயணிகள் இருக்கும் கூடு நசுங்கக்கூடாது என்பதை மேர்சிடிஸ் நிறுவனத்தின் பேலா பரேனி 1950களிலேயே வகுத்தார். அந்த நசுங்கல்தான் மணல். 2009இல் அமெரிக்காவில் காப்புறுதித் துறையினரின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவகம், 1959ஆம் ஆண்டு செவ்ரோலே காரையும் 2009ஆம் ஆண்டு செவ்ரோலே காரையும் மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டது. இரும்பான பழைய காரின் சாரதிக் கூடு சுருண்டுபோனது. அதிலிருந்த சாரதிப் பொம்மை உண்மையான மனிதராக இருந்திருந்தால் உயிர் தப்பியிருக்கமாட்டார். தகரம் என்று நாம் ஏளனம் செய்யும் புதிய காரின் பொம்மைக்குச் சிறு காயம் மட்டுமே. ஜீப்புகளின் முன்னால் இரும்புக் கம்பி பூட்டிக்கொண்டு திரிபவர்கள் இதை யோசிக்க வேண்டும். தம் வண்டியின் பெயின்றைக் காப்பாற்றுவதற்காக, பாதசாரியின் உடலுக்குக் கிடைக்கக்கூடிய அந்தச் சில மில்லிசெக்கன்களையும் பறித்துக்கொள்கிறார்கள்.

ஆகக் கொடிய அநியாயம் பஸ்களில் நடக்கிறது. 2005 ஏப்ரல் 27ஆம் திகதி பொல்கஹவெலவுக்கு அருகே யாங்கல்மோதரையில், கடவை மூடப்பட்டிருக்கையில் குறுக்கே புகுந்த தனியார் பஸ்ஸைப் புகையிரதம் மோதி முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல நூறு தொன் திணிவுள்ள புகையிரதத்தின் உந்தத்தைச் சில மீற்றர்களுக்குள் அழிக்க எந்தச் சாரதியாலும் முடியாது. அன்றைய வசூலுக்காக முன்னால் போகும் பஸ்ஸை முந்தியாக வேண்டும் என்ற ஏற்பாட்டை வைத்திருந்தவர்களை அதற்குப் பின்னும் எவரும் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. 2025 மே 11ஆம் திகதி கொத்மலையில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி எல்லவில் இன்னொன்று வீழ்ந்து 15 பேர் இறந்தார்கள். சாரதி தூங்கினாரா, பிரேக் பிடிக்கவில்லையா என்று வாரக்கணக்கில் எழுதினோம். அது அவசியமான கேள்வியே. ஆனால் அந்த பஸ்களின் ஆசனங்கள் தரையோடு எதனால் பொருத்தப்பட்டிருந்தன, புரளும்போது கூரை எவ்வளவு தாங்கும், வீதியோரத்தில் தடுப்புவேலி இருந்ததா என்ற கேள்விகளை எத்தனை பேர் கேட்டோம்? பஸ் புரண்டால் பயணிகளின் இடம் நசுங்காதிருக்க அதன் கூடு எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்பதற்கு ஐக்கிய நாடுகள் சபையின் 66ஆம் இலக்க ஒழுங்குவிதி என்று ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. நாமோ லொறிக்குரிய அடிச்சட்டத்தின் மீது உள்ளூர்ப் பட்டறையில் கூடு கட்டி, சாமிப் படத்துக்கு மின்விளக்குப் போட்டு, ஆட்களை நிற்க வைத்து ஏற்றினோம்.

முன்னாசனத்தில் இருப்போர் பட்டி அணிய வேண்டும் என்று இந்த நாட்டில் கட்டாயமாக்கியது 2011இல். வொல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் மூன்று முனைப் பட்டியை வடிவமைத்து, எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று நிறுவனம் அதைத் திறந்துவிட்டது 1959இல். இடையில் ஓடிய 52 ஆண்டுகளை யாருடைய விதி என்று எழுதுவது? அதிவேக நெடுஞ்சாலையில் பின்னாசனத்தாரும் அணிய வேண்டும் என்ற அறிவிப்பு வர 2025 ஆயிற்று. ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதியில் சாகும் நாடு இது.

என் தொழிலைச் சேர்ந்த இளையவர்களிடம் கேட்பது அதிகமில்லை. விபத்துச் செய்தியில் மூன்று விவரங்களைச் சேருங்கள். பட்டி அல்லது தலைக்கவசம் பூட்டியிருந்ததா? அந்த இடத்தின் வேக எல்லை என்ன? வாகனம் எதில் மோதி நின்றது? இறந்தவரைக் குற்றவாளியாக்குவதாகச் சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். மூன்று தொன் பாரத்தைப் பற்றி அச்சுக்கோப்பாளருக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் அடுத்த அறையில் இருந்த நான்.

சென்ற ஆண்டு கனடாவிலிருந்து என் மருமகன் குடும்பத்தோடு வந்தபோது அழைத்துவரக் கட்டுநாயக்காவுக்குப் போயிருந்தேன். விமானம் அதிகாலை நான்கு மணிக்கு. வானில் ஏறியதும் நான்கு வயதுப் பேத்தி, “என்ரை சீற் எங்கை?” என்று கேட்டாள். பெட்டியில் இடமில்லை என்று வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். சொக்கலேற்றுக்கு ஒரு பெட்டி முழுதும் இடம் இருந்தது. “மாமா, இங்கை ஆர் உதெல்லாம் பாக்கிறது?” என்றார் மருமகன். சாரதி நல்ல மனிதர்; ஆசன உறைகளுக்கு அடியில் கையை விட்டு, பொலித்தீன்கூடக் கழற்றாத பட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். ஒன்று வரவேயில்லை, அந்த இடத்தில் பயணப்பெட்டியை வைத்தோம். சிறுவர் ஆசனம் வாங்குவதற்காக நீர்கொழும்பில் கடை திறக்கும்வரை நான்கு மணித்தியாலம் வீதியோரத்தில் காத்திருந்தோம். வவுனியா தாண்டும்வரை மருமகன் என்னோடு பேசவில்லை. பேத்தி புதிய ஆசனத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.